ஊர்ப் பக்கத்தில் கல் குவாரி வரப்போகிறதா? கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இப்படித் தயாராகுங்கள்

நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவில், பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணில் சாதாரணக் கல் மற்றும் கிராவல் குவாரி, இன்ன தேதி காலை 11 மணிக்கு இன்ன திருமண மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊரில் பாதிப் பேருக்கு அது கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான் தெரியவரும். அவசர அவசரமாகத் திரண்டு போய், கோபமாகப் பேசிவிட்டு, "எல்லாம் கண்துடைப்பு" என்று சொல்லிக்கொண்டு திரும்புவார்கள்.

கண்துடைப்பாக நடக்கும் கூட்டங்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பதிவாகும் ஒவ்வொரு வரியும் பிறகு அனுமதி கொடுக்கும் குழுவின் மேசைக்குப் போகிறது, அதையும் தாண்டி, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால் அங்கே உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரமும் அதுதான். மண்டபத்தில் எவ்வளவு கைதட்டல் கிடைத்தது என்பதை யாரும் பின்னால் பார்க்கப்போவதில்லை, நடவடிக்கைக் குறிப்பில் என்ன ஏறியது என்பதைத்தான் பார்ப்பார்கள். அதனால் கீழே சொல்லப்போவது முழுக்க, உங்கள் ஊரின் உடல்நலக் கவலை அந்தக் குறிப்பில் எப்படி ஏற வேண்டும் என்பதைப் பற்றியது. குவாரியை உதாரணமாக எடுத்திருக்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் அடிக்கடி நடப்பது அந்தக் கூட்டங்கள்தான். ரசாயன ஆலை, அனல் மின் நிலையம் என்றாலும் வழிமுறை ஏறக்குறைய இதே.

முதலில் இது எந்தச் சட்டத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, சுருக்கமாக எல்லாரும் இ.ஐ.ஏ. அறிவிக்கை என்பார்கள். பெரிய திட்டங்கள் டெல்லிக்குப் போகும். மற்றவை மாநில அளவில் சியா என்று சொல்லப்படும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும், அதற்குப் பரிந்துரை செய்யும் வல்லுநர் குழுவுக்கும் போகும். குவாரி ஒன்று சிறிதாக இருந்தாலும், 500 மீட்டருக்குள் இருக்கும் மற்ற குவாரிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் கருத்துக் கேட்பு வேண்டும். ஆகவே ஒரே பாறையைத் துண்டு துண்டாக்கித் தனித்தனிப் பெயரில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சர்வே எண்களை வைத்துக் கிராம வரைபடத்தில் நீங்களே குறித்துவிடலாம், அடுத்த குவாரி எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிவதுபோல வேறு யாருக்கும் தெரியாது.

அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையில் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும், ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வந்திருக்க வேண்டும். இந்த 30 நாளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்.டி.ஐ. எனப்படும் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போட்டால் பதில் தர அரசு அலுவலகத்துக்கும் 30 நாள் அவகாசம் உண்டு, அதாவது விளம்பரத்தைப் பார்த்த பிறகு மனு போட்டால் பதில் கூட்டம் முடிந்த பிறகுதான் வந்து சேரும். ஆகவே வேலையை இன்னும் முன்னாலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். எதை எதை ஆய்வு செய்ய வேண்டும் என்று வல்லுநர் குழு கொடுக்கும் ஆய்வு வரம்புக் கடிதமும் அங்கேயே இருக்கும். கருத்துக் கேட்பு நடப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அது வந்துவிடும். ஊரில் கணினி தெரிந்த இரண்டு இளைஞர்கள் மாதம் ஒருமுறை உங்கள் மாவட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் போதும், ஆர்.டி.ஐ. போட வேண்டிய நேரம் அப்போதே தெரிந்துவிடும்.

அறிக்கையை வாங்குவது, படிப்பது

வரைவு இ.ஐ.ஏ. அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி அமைப்பின் அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஆகிய இடங்களில் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்திலும் போடுவார்கள். போய்க் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அங்கேயே ஒரு தாளில் "இன்ன தேதி இன்ன அலுவலகத்தில் கேட்டேன், கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை வைக்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். சில நேரம் அது படிக்கவே முடியாத தமிழில் இருக்கும், முக்கியமான எண்கள் அதில் இருக்காது. முழு அறிக்கை ஆங்கிலத்தில் சில நூறு பக்கம் இருக்கும். பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல் எல்லா அறிக்கையிலும் வரும் ஒரே பொதுவான பத்திகள்தான். ஊரில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் அத்தியாயத்தைப் பிரித்துக்கொண்டால் இரண்டு மூன்று மாலைகளில் முடித்துவிடலாம். அவர்களிடம் எதைத் தேடச் சொல்ல வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதல் வேலை, வரைபடம். திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டிருப்பார்கள். அதில் உங்கள் ஏரி இருக்கிறதா, ஓடை இருக்கிறதா, அங்கன்வாடி, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறதா? "அருகிலுள்ள குடியிருப்பு 1.2 கிலோமீட்டர்" என்று எழுதியிருந்தால், அதற்கு முன்னால் இருக்கும் காலனியையோ தோட்டத்து வீடுகளையோ விட்டிருக்கிறார்களா? தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் (1959) குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்கு இடம் கொடுப்பதில்லை, அதனால் விடுபட்ட ஒவ்வொரு வீடும் கணக்கில் வரும். அந்த வீட்டின் வாசலில் நின்று, கைப்பேசியில் இருப்பிடக் குறியீடு தெரிகிற மாதிரி படம் எடுங்கள். மின் கட்டண அட்டை, வீட்டு வரி ரசீது நகல் ஒன்று சேர்த்தால் அந்த வீடு அங்கே எப்போதிலிருந்து இருக்கிறது என்பதும் உறுதியாகிவிடும்.

அடுத்தது காற்று. இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். அறிக்கையில் மழைக்காலம் அல்லாத ஏதாவது ஒரு பருவத்தில், மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள் என்று தூசியை அளந்திருப்பார்கள். எந்த மூன்று மாதம் என்று பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வந்திருக்கும். குவாரிக்குக் கிழக்கே இருக்கும் ஊருக்குத் தூசி வருவது அப்போது அல்ல, மேற்கிலிருந்து அடிக்கும் காலத்தில். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற ஊரில், ஆடி மாதத்தைத் தொடாமல் ஒரு தூசிக் கணக்கு எப்படி முழுமையாகும்? இந்தக் கேள்வியை அப்படியே எழுத்தில் கேட்கலாம். அளவுக் கருவி வைத்த இடங்களையும் சரிபாருங்கள், காற்று வரும் திசையிலேயே நாலு கருவியையும் வைத்துவிட்டுக் காற்று போகும் திசையில் ஒன்றுகூட வைக்காத அறிக்கைகள் உண்டு.

பிறகு எண்கள். "எல்லா அளவுகளும் தேசியத் தர வரம்புக்குள் உள்ளன" என்ற வாக்கியம் கட்டாயம் இருக்கும். அது குவாரி வருவதற்கு முன் இருக்கும் காற்றைப் பற்றிய வாக்கியம் என்பதை மறக்காதீர்கள். இந்தியாவின் 2009-ஆம் ஆண்டு வரம்பின்படி பி.எம். 10 என்கிற தூசி 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியில் 60. அதைவிட நுண்ணிய பி.எம். 2.5 என்றால் முறையே 60, 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி பி.எம். 2.5-க்கு வெறும் 5. இப்போது உங்கள் ஊர்க் காற்றில் இருக்கும் அளவு, அதோடு புதுக் குவாரி சேர்க்கும் அளவு, அதோடு ஏற்கெனவே ஓடும் குவாரிகளும் கிரஷர்களும், அதோடு மண் சாலையில் போகும் டிப்பர் லாரிகள், இவை எல்லாம் சேர்ந்த மொத்தம் என்ன என்று அறிக்கையில் எங்காவது இருக்கிறதா? பெரும்பாலும் புதுக் குவாரியின் பங்கை மட்டும் காட்டிவிட்டு மொத்தத்தை விட்டுவிடுவார்கள். சுற்றிலும் குவாரிகள் இருக்கும் ஊருக்கு மொத்தம்தான் முக்கியம், மூச்சு விடுகிறவர் எந்தக் குவாரியின் தூசி என்று பார்த்து விடுவதில்லை.

நிலத்தடி நீர், வெடி அதிர்வு, சாலைப் பாதுகாப்பு எல்லாமே பார்க்க வேண்டியவைதான், அவற்றை இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: வேறு ஊருக்கு எழுதிய அறிக்கையிலிருந்து பத்திகளை அப்படியே எடுத்துப் போடுவது நடக்கிற விஷயம். மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்க அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் பத்திகளே இருந்தது தெரியவந்திருக்கிறது. உங்கள் ஊரில் இல்லாத மரம், ஓடாத ஆறு, பேசாத மொழி அறிக்கையில் இருந்தால் பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். அந்த ஒரு பக்கம் மொத்த அறிக்கையின் நம்பகத்தன்மையையும் கேள்விக்குள்ளாக்கும்.

உடல்நலம்: அறிக்கையில் ஒரு பக்கம்கூட இருக்காது

வேலைவாய்ப்பு, சமூகப் பொறுப்பு நிதி, மரக்கன்று நடுதல் எல்லாவற்றுக்கும் பத்தி இருக்கும். ஊரில் இப்போது எத்தனை பேருக்கு மூச்சிரைப்பு, எத்தனை குழந்தைகளுக்கு அடிக்கடி சளி, குவாரியில் வேலை செய்தவர்களின் நெஞ்சு எப்படி இருக்கிறது என்பதற்கு இருக்காது. அந்தக் குறையை ஊர்தான் நிரப்ப வேண்டும்.

ஆர்.டி.ஐ. மூலம் மாவட்ட சுகாதார அலுவலரிடம் கேளுங்கள்: உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த வெளிநோயாளிகளில் மூச்சுத் தொற்று, ஆஸ்துமா, காசநோய் எத்தனை, மாத வாரியாக, கடந்த ஐந்து ஆண்டுகளுக்கு. நோயாளிகளின் பெயர் கேட்க வேண்டாம், கேட்டால் மறுத்துவிடுவார்கள், மறுப்பது சரியும்கூட. எண்ணிக்கை போதும். ஏற்கெனவே குவாரி இருக்கும் பக்கத்து ஊரின் நிலையத்திலும் அதே எண்களைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள்.

காத்திருக்கும் நேரத்தில் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பேசுங்கள், ஊரின் உடல்நலம் அவருக்குத் தெரியும் அளவுக்கு யாருக்கும் தெரியாது. அரசு ஊழியர் என்பதால் அவர் பெயரை மனுவில் இழுக்காதீர்கள்.

கல் தூசியில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது, சிலிக்கா. பாறையை உடைக்கும்போது வரும் மிக நுண்ணிய சிலிக்கா தூசி பல ஆண்டுகள் நெஞ்சுக்குள் போனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், வந்தால் குணமாகாது, காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும். எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரிவதால் தவறாகக் கணிக்கப்படுவதும் நடக்கிறது. குவாரியிலோ கிரஷரிலோ வேலை பார்த்து, காசநோய் மருந்தை முழுதாகச் சாப்பிட்டும் இருமலும் மூச்சுத்திணறலும் தீராதவர்கள் ஊரில் இருந்தால், அவர்களை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இது மனுவுக்காக மட்டும் செய்கிற வேலை அல்ல. பார்க்கும் மருத்துவரிடம் என்ன வேலை செய்தார், எத்தனை வருடம் செய்தார் என்று கட்டாயம் சொல்லுங்கள், அந்தத் தகவல் இல்லாமல்தான் கணிப்பு தவறுகிறது.

அப்புறம் ஒரு நோட்டு. தேதி, நேரம், காற்றின் திசை, என்ன தெரிந்தது (தூசி, வெடிச் சத்தம், வாடை), யாருக்கு என்ன ஆனது. கடலூர் சிப்காட்டைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் 2004 முதல் ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்து வாடையைப் பதிவு செய்தார்கள், வாளி போன்ற எளிய கருவியில் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை "வாடை அடிக்கிறது" என்று வாய்வார்த்தையாக இருந்த புகார், ரசாயனங்களின் பெயரோடு அதிகாரிகள் முன் போய் நின்றது. உங்களிடம் கருவி இல்லாவிட்டாலும் தேதியும் நேரமும் ஒழுங்காக எழுதிய நோட்டுக்கு மதிப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை. "இந்தக் குவாரி வந்தால் எல்லாருக்கும் கேன்சர் வரும்" என்று பேசாதீர்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், மிகைப்படுத்திய ஒரு வரி சரியாகச் சொன்ன பத்து வரிகளையும் கெடுத்துவிடும். நோய் வரும் என்று நிரூபிக்கும் சுமையும் உங்களுடையது அல்ல. வேலூர்ப் பக்கத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே முன்னெச்சரிக்கைக் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொல்லிவிட்டது, தன் செயலால் தீங்கில்லை என்று காட்ட வேண்டியது தொழில் நடத்துபவர்தான் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே கேள்வியாகக் கேளுங்கள்: சிலிக்கா தூசியை அளந்தீர்களா, எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

எழுதுவது

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பத்தியிலும் மூன்று விஷயம் இருந்தால் போதும்: அறிக்கையில் எந்தப் பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது, உண்மை நிலவரம் என்ன, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். "பக்கம் 84-இல் அருகிலுள்ள பள்ளி 2 கிலோமீட்டர் என்று உள்ளது. எங்கள் ஊர் தொடக்கப் பள்ளி 640 மீட்டரில் உள்ளது, படம் இணைப்பு 3. பள்ளி வளாகத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தூசியை அளந்து புதிய அறிக்கை தர வேண்டும், அதுவரை இந்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் கூடாது." இப்படி எழுதிய பத்தியை நடவடிக்கைக் குறிப்பில் "பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்ற ஒற்றை வரியாகச் சுருக்க முடியாது.

வெளியூரிலிருந்து உதவப் போகும் நண்பர்களுக்கு ஒன்று: ஒரே மனுவை 200 நகல் எடுத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். 200-ம் ஒரே மனுவாகத்தான் கணக்காகும். ஆடு மேய்க்கிறவர் மேய்ச்சலைப் பற்றி, கிணறு வைத்திருப்பவர் கிணற்றைப் பற்றி, அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய் தன் பிள்ளையின் இழுப்பைப் பற்றி, அவரவர் வார்த்தையில், கை எழுத்தில். நீங்கள் பக்க எண்ணைச் சொல்லிக் கொடுங்கள், வாக்கியத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள். அனுமதி வராது என்று வாக்குறுதியும் கொடுக்காதீர்கள்.

இடையில் கிராம சபை வந்தால் தீர்மானம் போடுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். மதுரை அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகச் சுற்றுப்பட்டு ஊர்கள் போட்ட தீர்மானங்கள் சட்டமன்றத் தீர்மானம் வரை வலுச் சேர்த்தன, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தையே ரத்து செய்தது. தீர்மானப் புத்தகத்தின் நகலை அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தன்று

புறக்கணிக்கலாமா என்ற பேச்சு கட்டாயம் எழும். இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று எதுவும் இல்லை, பத்துப் பேர் வந்தாலும் நடத்தி முடித்துவிடலாம். நீங்கள் வெளியே முழக்கம் எழுப்பும் நேரத்தில், உள்ளே திட்டக்காரர் அழைத்து வந்தவர்கள் "வேலை கிடைக்கும், வரவேற்கிறோம்" என்று பேசினால் அது மட்டும்தான் பதிவாகும். வெளிநடப்பு செய்வதாக இருந்தாலும் எல்லாரும் எழுத்து மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை வகிக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரி உடன் இருப்பார், முழுக் கூட்டமும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். அதற்குக் குறைந்த நிலை அதிகாரி வந்திருந்தால் அதை முதல் ஆளாக எழுந்து பதிவு செய்யுங்கள். பேசும்போது பெயர், ஊர், பிறகு பக்க எண், பிறகு கேள்வி. இரண்டு நிமிடம் போதும். பெண்கள் முன் வரிசையில் உட்காருங்கள், மைக் கடைசி வரிசைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். பதில் தர வேண்டியவர் ஆட்சியர் இல்லை, திட்டக்காரரும் அவருடைய ஆலோசகரும்தான், அவர்களைப் பார்த்துக் கேளுங்கள். திட்டி எதையாவது வீசிவிட்டால் அடுத்த நாள் செய்தி அதைப் பற்றித்தான் இருக்கும்.

முக்கியமான கட்டம் கடைசி அரைமணி நேரம். பாதிக் கூட்டம் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பியிருக்கும். அப்போதுதான் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும், விதி அப்படித்தான் சொல்கிறது, அன்றைக்கே ஆட்சியர் கையெழுத்தும் ஆக வேண்டும். வாசிக்காமல் முடித்தால் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். இதற்காகவே ஐந்து பேர் கடைசிவரை இருப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் முடிந்த பிறகு

குறிப்பின் நகல் ஊராட்சி அலுவலகத்திலும் வாரிய இணையதளத்திலும் வர வேண்டும். வந்ததும் உங்கள் கைப்பதிவோடு ஒப்பிட்டு, விடுபட்டதை வாரியத்துக்கும் சியாவுக்கும் எழுதுங்கள். வல்லுநர் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் பரிவேஷில் வரும், அதற்கு முன்னால் உங்கள் மனுவை நேரடியாகக் குழுவுக்கே அனுப்புங்கள். கோவா சுரங்கம் தொடர்பான உத்கர்ஷ் மண்டல் வழக்கில் 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம், கருத்துக் கேட்பில் எழுந்த ஆட்சேபங்களை ஏற்கிறோமா இல்லையா என்பதற்கு வல்லுநர் குழு காரணம் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை மனுவில் குறிப்பிடுங்கள். பக்க எண்ணோடு கேட்ட கேள்விக்குக் காரணம் இல்லாமல் அனுமதி கொடுத்தால், அந்த இடம்தான் உங்கள் மேல்முறையீட்டின் முதல் பத்தி.

அனுமதி வந்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தரலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. இணையத்தில் ஏறியது, நாளிதழ் விளம்பரம், ஊராட்சிக்கு வந்த நகல், இதில் எது முதலில் நடந்ததோ அதிலிருந்து எண்ணிக்கொண்டால் பாதுகாப்பு. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞருக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

மேல்முறையீடு வேண்டாம் என்று ஊர் முடிவெடுத்தாலும் அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிப்பது, தார்ப்பாய் மூடி லாரி ஓட்டுவது, பசுமை வளையம், தொழிலாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை என்று நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். அவற்றைப் பின்பற்றியதற்கான அறிக்கையை ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று இருமுறை குவாரிக்காரர் தாக்கல் செய்ய வேண்டும். அந்த அறிக்கையை வாங்கி, ஊர் நோட்டில் எழுதிய தேதிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பொருந்தாத ஒவ்வொரு நிபந்தனைக்கும் வாரியத்துக்குத் தனித்தனியாகப் புகார் எழுதுங்கள்.